ஆயரிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்: மதுரைப் பக்கத்துச் சபை வாழ்க்கை

மதுரை நகரத்திலும் திருமங்கலம், உசிலம்பட்டி பக்கத்துக் கிராமங்களிலும் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆயராக, அதாவது சபைப் போதகராக, ஊழியம் செய்கிறேன். ஆராதனை முடிந்து வாசலில் கை கொடுக்கும்போதும், கல்யாணப் பந்தியிலும், ஆஸ்பத்திரி வராண்டாவிலும் மக்கள் கேட்கும் கேள்விகளில் சில திரும்பத் திரும்ப வரும். அவற்றுக்கான பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன். இவை என் சொந்தக் கருத்துகள். பேராயத்தின் (மறைமாவட்டத்தின்) அறிக்கையாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை தவிர மற்ற நாள்களில் ஆயருக்கு என்ன வேலை?

சிரித்துக்கொண்டே கேட்பார்கள். ஆனால் நிஜமாகவே தெரியாமல்தான் கேட்கிறார்கள்.

ஒரு சேகரம் என்றால் பெரும்பாலும் ஒரு தாய்ச் சபையும் அதைச் சுற்றி நாலைந்து கிராமச் சபைகளும் இருக்கும். ஞாயிறு காலையில் ஓரிடத்தில் திருவிருந்து ஆராதனை முடித்து, அங்கியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வண்டியை எடுத்தால், அடுத்த ஊரில் ஏற்கெனவே இரண்டாவது பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். வாரநாள்களில் கையெழுத்து வேலையே பாதி நேரத்தை எடுத்துக்கொள்ளும். ஞானஸ்நானச் சான்று, பள்ளிக்கூடத்துக்குச் சிபாரிசுக் கடிதம், முதியோர் பென்ஷன் மனு என்று வந்துகொண்டே இருக்கும். பையன் வண்டியை போலீஸ் பிடித்துவிட்டது என்றாலும் முதலில் ஆயருக்குத்தான் போன் வரும்.

இதெல்லாம் போக மிச்சமிருப்பதுதான் உண்மையான வேலை: வீடு சந்திப்பு. கிராமத்தில் பகலில் போனால் வீடு பூட்டியிருக்கும். நூறு நாள் வேலைக்குப் போயிருப்பார்கள், இல்லையென்றால் பூப்பறிக்க. பொழுது சாய்ந்த பிறகு போக வேண்டும். நகரத்தில் சாயங்காலம் போனால் டியூஷன், சீரியல், ஷிப்ட். எப்போது போனாலும் யாருக்காவது இடைஞ்சல்தான். ஆனாலும் போக வேண்டும். ஆராதனையில் வெள்ளைச் சட்டையோடு முன்வரிசையில் உட்காருகிறவர் வீட்டில் மூன்று மாத வாடகை பாக்கி என்பது ஆலயத்துக்குள் தெரியாது. நன்றாக இருக்கிறோம் ஐயா என்று கை கொடுத்துவிட்டுப் போகிற அம்மா மாத்திரையைப் பாதியாக உடைத்துச் சாப்பிடுகிறார் என்பது, அவர் வீட்டு ஜன்னல் திண்டில் அந்த அட்டையைப் பார்த்தால்தான் தெரியும்.

வீடு வீடாகப் போகாத ஆயர் பிரசங்கம் பண்ணலாம். யாருக்குப் பண்ணுகிறோம் என்பது அவருக்குத் தெரியாது.

ஆயர் வீட்டுக்கு வந்தால் என்ன கொடுக்க வேண்டும்?

தண்ணீர். வெயில் காலமானால் மோர். கவர் வேண்டாம். காணிக்கை போட விரும்பினால் ஆலயத்தில் போடுங்கள், ரசீது வரும். கறிக்குழம்பு வைத்த அன்று வந்துவிட்டேன் என்றால் மறுக்க மாட்டேன், அது வேறு விஷயம்.

பிரசங்கம் எவ்வளவு நேரம் இருக்க வேண்டும்?

இருபது நிமிடம் போதும். இருபத்தைந்து தாண்டினால் வாலிபர்கள் போனை எடுப்பார்கள், பெரியவர்கள் கண்ணை மூடுவார்கள். தியானிக்கிறார்கள் என்று நம்பிவிடக் கூடாது.

நேரத்தை விட, பிரசங்கம் எங்கே தயாராகிறது என்பதுதான் முக்கியம். உரை நூல்களை நான் வாசிக்கிறேன், வாசிக்கத்தான் வேண்டும். ஆனால் மத்தேயு 20ஆம் அதிகாரத்தில் திராட்சத் தோட்டத்துக்கு ஆள் கூப்பிட்டு, கடைசியாக வந்தவருக்கும் முழு நாள் கூலி கொடுக்கும் உவமையை எடுத்துக்கொள்ளுங்கள். மதுரையில் காலை ஆறரை மணிக்கு எந்தப் பெரிய முக்குக்குப் போனாலும் கொத்தனாரும் சித்தாளும் தூக்குவாளியோடு நிற்பதைப் பார்க்கலாம். மேஸ்திரி வந்து ஆள் பொறுக்குவார். இளவட்டம் முதலில் போய்விடும். வயதானவர்கள் ஒன்பது மணி வரை நின்று பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்புவார்கள். நெடுங்காலம் இந்த உவமையை தேவனுடைய தாராளத்தைப் பற்றியது என்று மட்டும் பிரசங்கித்து வந்தேன். சித்தாள் வேலைக்குப் போகும் ஒரு அக்கா வீட்டு ஜெபத்தில் சொன்னார்: “ஐயா, கடைசியா வந்தவுக சோம்பேறி இல்ல. அவுகளை யாரும் கூப்பிடலைன்னு வேதத்துலயே இருக்குல்ல.” இருக்கிறது, 7ஆம் வசனத்தில். ஒரு நாள் முழுக்க நின்று கூலியில்லாமல் திரும்பியவருக்குத்தான் அந்த வசனம் முதலில் கண்ணில் படும். முழு நாள் கூலி என்பது அன்றைக்கு வீட்டில் அடுப்பு எரிவதற்கான கூலி என்பதும் அவருக்குத் தெரியும். அந்த வாரப் பிரசங்கம் அந்த அக்காவுடையது. நான் ஒப்பித்தேன்.

கீர்த்தனையா, கீபோர்டு பாட்டா?

இந்தச் சண்டை இல்லாத சபையை நான் பார்த்ததில்லை.

பெரியவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் பழமை என்று காப்பாற்றுகிற கீர்த்தனை ஒரு காலத்தில் புதுமையாக இருந்தது. மிஷனெரிமார் முதலில் கொண்டு வந்தவை மேல்நாட்டு ராகத்தில் மொழிபெயர்த்த ஞானப்பாட்டுகள். தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் போன்றவர்கள் நம்முடைய ராகதாளத்தில் எழுதிய பாடல்களை அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் திரட்டி, சபைகள் பாடுவதற்கென்று 1853இல் அச்சிட்டார். அந்தக் காலத்தில் அதுதான் துணிச்சல். ஆக, கீர்த்தனைப் புத்தகத்துக்கு நம் ஊரோடு நேரடி உறவு உண்டு.

வாலிபர்களுக்கும் ஒன்று உண்டு. ஒரே வரியைப் பதினாறு முறை பாடுவதில் எனக்குப் பெரிய ஆட்சேபம் இல்லை. ஆனால் டிரம்ஸ் சத்தத்தில் சபையார் பாடுவது கேட்கவில்லை என்றால் அது கச்சேரிதான். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிமார் பாட்டுப் புத்தகத்தைத் திறக்காமலே சரணம் முழுவதும் பாடுவார்கள். அவர்களுக்கு வேதம் போய்ச் சேர்ந்த வழி அதுதான். அவர்கள் இருக்கும் வரையாவது வாரத்துக்கு இரண்டு கீர்த்தனை இருக்கட்டும். தாளத்துக்குத் தபேலா இருந்தால் இன்னும் நல்லது.

சபைக்குள் சாதி இருக்கிறதா?

இருக்கிறது. இல்லை என்று சொல்லும் ஆயரை நம்பாதீர்கள்.

மதுரைச் சபைகளுக்கு இந்த விஷயத்தில் ஒரு வரலாறு உண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து 1834இல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷன், ஆரம்பத்திலேயே இந்தச் சுவரில் முட்டியது. ஞானஸ்நானம் பெற்றவர்கள், உபதேசிமார் (மிஷன் ஊழியர்கள்) உட்பட, சாதி பார்த்துத்தான் சாப்பிட்டார்கள். சாதியை விட்டதற்கு அடையாளமாக எல்லாரோடும் ஒரே பந்தியில் உட்கார வேண்டும் என்று மிஷன் 1847இல் கண்டிப்பாக நின்றது. பலர் வேலையை விட்டார்களே தவிர பந்தியில் உட்காரவில்லை. ஜெபிக்கச் சம்மதம், பாடச் சம்மதம், பிரசங்கிக்கவும் சம்மதம், இலையில் மட்டும் சம்மதமில்லை.

இன்றைக்கு அசனத்தில் (சபை விருந்தில்) அந்தப் பிரச்சினை பெரும்பாலும் இல்லை. பிரதிஷ்டைப் பண்டிகையன்று பெரிய அண்டாவில் சாதமும் கறியும் வெந்து, எல்லாரும் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுகிறோம். அதைப் பார்த்துச் சாதி போய்விட்டது என்று நினைப்பவர்கள் சமையற்கட்டையும் பார்க்க வேண்டும். அரிசி களைவது யார், பாத்திரம் விளக்குவது யார், பரிமாற வாளியைத் தூக்குவது யார்? எச்சில் இலை எடுக்க ஒவ்வொரு வருடமும் ஒரே தெருவிலிருந்து ஆள் வந்தால், பந்தியில் போனது பின்கட்டில் உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். அசனத்துக்கு முன் வேலைப் பட்டியலை வாசலில் ஒட்டச் சொல்வேன், சீட்டுக் குலுக்கிப் போட்டு. இலை எடுக்கும் சீட்டு செயலாளருக்கும் விழும். முதல் வருடம் முணுமுணுப்பு இருக்கும். பிறகு பழகிவிடும்.

பந்தியை விடக் கடினமான இடங்கள் இரண்டு. ஒன்று கல்யாணம். “விசுவாசக் குடும்பம், ஜெபிக்கிற பெண் வேண்டும்” என்று தொடங்கும் வரன் விளம்பரம் அடுத்த வரியிலேயே சாதியைக் கேட்கும். அப்படிப்பட்ட கடிதத்தை என்னிடம் கொடுத்து அறிவிக்கச் சொன்னால், அந்த வரியை அடித்துவிட்டு அறிவிப்பேன். கோபித்துக்கொண்டவர்கள் உண்டு. மற்றொன்று கல்லறைத் தோட்டம். அதில் யார் எந்தப் பக்கம் என்று ஊருக்கு ஊர் எழுதாத ஏற்பாடு இருக்கிறது. உயிர்த்தெழுதலைப் பற்றி வருடத்துக்கு ஒரு முறை விடிகாலை நாலு மணிக்கே பாடுகிறோம். எந்த மூலையிலிருந்து எழுவது என்பதைத் தீர்மானிக்கும் பொறுப்பை மட்டும் கமிட்டி வைத்துக்கொள்கிறது.

சட்டத்தின் பக்கமிருந்தும் ஒரு சுமை உண்டு. 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதிச் சலுகை முதலில் இந்துக்களுக்கு மட்டும் இருந்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவரும் இஸ்லாமியரும் சேர்க்கப்படவில்லை. தமிழ்நாட்டில் கிறிஸ்தவத்துக்கு வந்த பட்டியல் சாதியார் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில்தான் வருகிறார்கள். அதனால் ஒரே வீட்டில் அண்ணனுக்கு ஒரு சான்றிதழ், தம்பிக்கு ஒரு சான்றிதழ். பிள்ளையின் கல்லூரிச் சேர்க்கைக்காக ஒருவர் ஆலயத்துக்கு வருவதை நிறுத்தினால் அவரைக் கண்டிக்க எனக்கு வாய் வராது. நான் அவர் வீட்டுக்குப் போவதை நிறுத்துவதும் இல்லை.

தசமபாகம் கட்டாயமா? பணத்தை யார் எண்ணுகிறார்கள்?

கட்டாயம் இல்லை. வருமானத்தில் பத்தில் ஒன்றான தசமபாகம் கொடுக்காவிட்டால் சாபம் என்று வேதத்தின் மல்கியா புத்தகத்தைக் காட்டிப் பயமுறுத்துகிற பிரசங்கம் எனக்குப் பிடிக்காது. கூலி வேலை செய்கிறவரின் பத்தில் ஒன்றும், மாதச் சம்பளக்காரரின் பத்தில் ஒன்றும் ஒரே கனம் இல்லை.

பணத்தை நான் தொடுவதில்லை. ஆராதனை முடிந்ததும் கமிட்டியில் இரண்டு பேர் எண்ணி, நோட்டில் எழுதி, கையெழுத்துப் போடுவார்கள். வருடக் கணக்கைச் சபைக் கூட்டத்தில் வாசிக்க வேண்டும். கணக்கு வாசிக்காத சபையில் வேறு எதைப் பற்றிப் பேசினாலும் பேச்சு கடைசியில் பணத்தில்தான் வந்து நிற்கும்.

கணக்கில் எனக்குப் பிடித்த பக்கம் அறுப்பின் பண்டிகை ஏலம். கிராமத்தார் பூசணிக்காய், வாழைத்தார், சேவல், வீட்டில் சுட்ட முறுக்கு எல்லாம் கொண்டுவந்து பலிபீடத்துக்கு முன் வைப்பார்கள். சாயங்காலம் ஏலம். நாற்பது ரூபாய்ப் பூசணிக்காய் ஐந்நூறுக்குப் போகும். எடுத்தவர் அதை மறுபடியும் காணிக்கையாகக் கொடுப்பார், மறுபடி ஏலம். சென்னையில் வேலை பார்க்கும் பையன்கள் போனிலேயே கேட்பார்கள். சிரித்துக்கொண்டே கொடுக்கும் பணத்தை நான் இங்கேதான் பார்க்கிறேன்.

சபைத் தேர்தலில் ஏன் இவ்வளவு சண்டை?

பள்ளிக்கூடங்கள், நிலம், கடை வாடகை, வேலை நியமனம். இவை இல்லாத சபைகளில் தேர்தல் பத்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. அமெரிக்க மிஷன் கான்கிரிகேஷனல் மரபைச் சேர்ந்தது. சபையார் கூடி ஓட்டுப் போட்டு முடிவெடுப்பது அதன் வழக்கம். 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், எங்கள் பக்கத்து மிஷன் சபைகள் சேர்ந்திருந்த தென்னிந்திய ஐக்கிய சபை மூன்றும் ஒன்றாயின. பேராயர் (பிஷப்) என்ற பதவி எங்கள் பக்கத்துச் சபைகளுக்கு அப்போதுதான் வந்தது. ஆகவே மதுரைப் பக்கத்துச் சபையார் ஆயரிடம் எதிர்த்துக் கேள்வி கேட்பார்கள். கேட்கட்டும், அது நல்ல பழக்கம். கேள்வி கோர்ட்டுக்குப் போவதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

கல்யாணத்துக்கு என்ன செய்ய வேண்டும்?

முதலில் மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் என்னைப் பாருங்கள். ஈஸ்டருக்கு முந்தைய லெந்து காலத்தில் பெரும்பாலான சபைகளில் கல்யாணம் வைப்பதில்லை. மூன்று ஞாயிறு ஓலை (ஆலயத்தில் கல்யாண அறிவிப்பு) வாசிக்க வேண்டும், அதற்கும் நாள் வேண்டும். பெண்ணுக்கு 18, மாப்பிள்ளைக்கு 21 வயது ஆகியிருக்க வேண்டும், அத்தாட்சி கேட்பேன்.

நாங்கள் நடத்துவது 1872ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி. காலை 6 மணிக்கும் மாலை 7 மணிக்கும் இடையில்தான் நடத்த வேண்டும் என்று அதில் இருக்கிறது. சாயங்காலம் ஐந்தரை என்று பத்திரிகை அடித்துவிட்டு, மாப்பிள்ளை வீட்டு வேன் கொடைரோட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தால் நான் என்ன செய்ய முடியும்?

இரண்டு பேரில் ஒருவர் வேறு மதம் என்றால், அந்தச் சட்டம் ஒருவர் கிறிஸ்தவராக இருந்தாலே போதும் என்கிறது. சபை விதிகள் அதைவிட இறுக்கமானவை. அவசர ஞானஸ்நானம் கொடுத்துக் கல்யாணத்தை முடிக்கச் சொல்லிப் பெற்றோர் வருவார்கள். தாலிக்காக எடுக்கும் ஞானஸ்நானத்தை நான் கொடுப்பதில்லை. 1954ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டப்படி 30 நாள் அறிவிப்புக் கொடுத்துப் பதிவு செய்துகொண்டு வாருங்கள், வீட்டுக்கு வந்து ஜெபிக்கிறேன் என்பேன்.

எங்கள் பிள்ளைகள் பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறார்கள். என்ன செய்வது?

அங்கே யாரோ அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். இரண்டு வாரம் வராவிட்டால் போன் போடுகிறார்கள். நம் சபையில் இரண்டு வருடம் வராவிட்டால்தான் பெயர் ஞாபகம் வருகிறது, அதுவும் சந்தா பாக்கிக்காக. பிள்ளைகளைத் திட்ட வேண்டாம். அவர்களை வேதம் வாசிக்கவும் வாலிபர் ஆராதனை நடத்தவும் விடுங்கள். சுகமளிக்கும் கூட்டத்துக்குப் போய்ச் சர்க்கரை மாத்திரையை நிறுத்தினால் மட்டும் எனக்கு உடனே சொல்லுங்கள். நானே டாக்டரிடம் கூட்டிப் போகிறேன்.

வெளிநாட்டுப் பணம் நிறைய வருகிறதாமே?

என் ஆலயத்தின் கூரை ஒழுகுவதைப் பார்த்தவர்கள் கேட்பதில்லை. வெளிநாட்டு நன்கொடை வாங்க 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் புதுடில்லியிலுள்ள ஸ்டேட் பாங்க் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் வந்து இறங்க வேண்டும். கிராமச் சபை பூசணிக்காயில்தான் ஓடுகிறது.

மற்ற மதத்தாரோடு எப்படி?

சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் மதுரைக்காரன் எவனும் திருவிழாவுக்கு வெளியே இருக்க முடியாது. ரோடு அடைத்திருக்கும், சொந்தக்காரர் வந்திருப்பார்கள். அன்று சபை வாசலில் தண்ணீரும் மோரும் வைப்போம். அதில் துண்டுப்பிரசுரம் சேர்த்துக் கொடுக்கலாமா என்று கேட்பார்கள். வேண்டாம், தாகத்துக்குக் கொடுக்கும்போது தாகத்துக்கு மட்டும் கொடுப்போம்.

1606இல் மதுரைக்கு வந்த இயேசு சபைத் துறவி ராபர்ட் தெ நொபிலி காவி கட்டி, தமிழும் வடமொழியும் கற்று, தத்துவ போதகர் என்று பெயரெடுத்தார். அவர் சாதி ஒழுங்குக்கு இடம் கொடுத்ததை நான் ஏற்கவில்லை. ஆனால் ஊரின் பேச்சைக் கற்ற பிறகே வாய் திறந்தார் என்பதற்காக அவரை மதிக்கிறேன்.

பெண்கள் ஆயராகலாமா?

ஆகியிருக்கிறார்கள். தென்னிந்தியத் திருச்சபையில் 1976 முதல் பெண்களுக்கு குருப்பட்டம் உண்டு. 2013இல் புஷ்ப லலிதா நந்தியால் பேராயரானார். ஆயரம்மா என்றால் ஆயரின் மனைவி என்றே பழகிய ஊரில், ஆயராகவே வருகிற பெண்ணின் கணவரை எப்படிக் கூப்பிடுவது என்பதில்தான் சில சபைகளின் முழுக் கவலையும் இருக்கிறது.

இறையியல் படிக்க விரும்புகிறேன். எங்கே தொடங்குவது?

மதுரை அரசரடியில் 1969இல் தொடங்கிய தமிழ்நாடு இறையியல் கல்லூரி இருக்கிறது. செராம்பூர் பல்கலைக்கழகப் பட்டம். பேராயத்தின் சிபாரிசு வேண்டும், அதற்கு முன் உங்கள் சபையின் சிபாரிசு. கிரேக்கமும் எபிரெயமும் பயமுறுத்தும், ஆனால் தாண்டிவிடலாம்.

விண்ணப்பம் போடும் முன் ஒரு வருடம் உங்கள் ஆயரோடு வீடு சந்திப்புக்குப் போய்ப் பாருங்கள். மைக் பிடிக்க ஆசையா, படுத்த படுக்கையாக இருக்கும் தாத்தாவின் அறையில் அரை மணி நேரம் உட்கார முடிகிறதா என்பது அதில் தெரிந்துவிடும். முதலாவது மட்டும் இருந்தால் வேறு நல்ல வேலைகள் இருக்கின்றன.

சாவு வீட்டில் ஆயரின் வேலை என்ன?

சீக்கிரம் போவது. பிரீசர் பெட்டி வருவதற்கு முன் போய்விட்டால் நல்லது. அப்போது வீட்டில் நாலு பேர்தான் இருப்பார்கள், அழவும் பேசவும் முடியும். அதன் பிறகு பந்தல், நாற்காலி, துபாயிலிருந்து மகன் எப்போது வருவான் என்கிற கணக்கு எல்லாம் வந்துவிடும். கிறிஸ்தவர் அல்லாத தாய்மாமன் கோடி போட வேண்டும் என்பார். போடட்டும். துணி போர்த்துவதால் விசுவாசம் குலையாது.

அடக்க ஆராதனையில் இறந்தவரைப் பற்றி இரண்டு நிமிடம் பேச வேண்டும். முன்பு அந்த வீட்டுக்குப் போயிருந்தால் பேசலாம். போகாதவர்கள் “நல்ல சகோதரர், ஜெபவீரர்” என்று சொல்லிச் சமாளிப்பார்கள், சொந்தக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள்.

முப்பதாம் நாள் ஜெபத்துக்குக் கூட்டம் வரும். மூன்றாம் மாதம் யாரும் வர மாட்டார்கள். நான் அப்போது போவேன்.

தற்கொலை செய்துகொண்டவருக்கு அடக்க ஆராதனை உண்டா?

என் சேகரத்தில் உண்டு. முன்பு கல்லறைத் தோட்டத்தின் வெளியோரம் ஜெபமில்லாமல் புதைத்த ஊர்கள் இருந்தன. பிரேதப் பரிசோதனை முடிந்து உடல் வர இருட்டிவிடும், விளக்கு வைத்துக்கொண்டு நடத்தலாம். அந்தத் தாய்க்கு அன்றைக்குப் பிரசங்கம் வேண்டாம், சங்கீதம் ஒன்று போதும்.

ராத்திரியில் ஆயரைக் கூப்பிடலாமா?

சாவு, ஆஸ்பத்திரி, வீட்டில் அடிதடி, பிள்ளை வீட்டுக்கு வரவில்லை என்றால் எந்நேரமும் கூப்பிடுங்கள். மனசு சரியில்லை, பேச வேண்டும் என்றாலும் கூப்பிடுங்கள். சான்றிதழ் கையெழுத்துக்குக் காலை ஏழு மணியிலிருந்து ஒன்பது மணிக்குள் ஆதார் நகலோடு வாருங்கள். ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு மட்டும் கொண்டு வராதீர்கள். அடுத்த ஊரில் இரண்டாவது பாட்டு தொடங்கியிருக்கும்.